ஆர்டிஸ் கோப்லியின் முதல் முன்மொழிவு

“மாணவி வீட்டிலேயே கல்வி பயில்கிறார். பாடத் தேர்ச்சி போதுமானது. பொது வாழ்க்கையோடு தொடர்பு குறைவு. கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுப்பது நல்லது.”

ஆர்டிஸ் கோப்லிக்குப் பதினேழு வயது நடந்தபோது அவளை மதிப்பிட வந்த ஆசிரியை எழுதிக்கொடுத்த குறிப்பு இது. அந்த அம்மாள் கோப்லி வீட்டுச் சமையலறையில் ஒரு மணி நேரம்போல் உட்கார்ந்திருந்தார். அதில் முக்கால்வாசி நேரம் கேள்வி கேட்டவள் ஆர்டிஸ்தான். மதிப்பிடுகிறவரை யார் நியமிப்பது, நியமித்தவரை யார் நியமித்தது, அந்தச் சங்கிலி எங்கே போய் முடிகிறது, முடிகிற இடத்தில் இருப்பவருக்கு அது தெரியுமா? ஆசிரியை இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டு, பாவம், களைத்துப்போய்க் கிளம்பினார். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் நாங்கள் சிரித்தோம். அந்தப் பெண் பேச எழுந்துவிடுவாளோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்கள் இரண்டு வகை என்பார்கள். கடவுளுக்காக அனுப்பாதவர்கள், ஆடு வளர்ப்பதற்காக அனுப்பாதவர்கள். கோப்லி வீட்டில் கடவுள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். ஆடு கிடையாது, மாடுதான். அவர்கள் அனுப்பாமல் போனதற்குக் காரணம் பள்ளிப் பேருந்து. பனி உருகும் மாதத்தில் அது அவர்கள் வீட்டு மண் ரோட்டில் அச்சு வரை புதைந்துபோக, ஆறு வயது ஆர்டிஸ் அதற்குள்ளேயே அரை நாள் உட்கார்ந்திருந்தாள். அப்பா வெர்ன் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். அம்மா நோரீன் பேருந்தின் கதவைத் தட்டித் திறந்து, “இறங்குடி. இதுல உட்கார்ந்து ஒண்ணும் படிக்காம இருக்கறதுக்கு வீட்டுலயே ஒண்ணும் படிக்காம இரு,” என்றாள். சேறு காயும் வரைக்கும் என்றுதான் சொன்னாள். எங்கள் ஊரில் நிரந்தரம் என்று தீர்மானித்த எதுவும் நிலைத்ததில்லை. தற்காலிகம் என்று சொன்னால் பன்னிரண்டு வருஷம் ஓடும்.

வீட்டில் படித்தாலும் அரசாங்கம், வரலாறு, இலக்கியம் மூன்றும் கட்டாயம் என்பது மாநிலத்தின் விதி. நோரீனுக்குப் பாடம் நடத்த நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே மூன்றையும் மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அரசாங்கத்துக்கு, வாக்காளர்கள் கூடிக் கை தூக்கி ஊர் விவகாரங்களை முடிவு செய்யும் மார்ச் மாத ஊர்க்கூட்டம். வரலாற்றுக்கு ஊர் அலுவலகத்தில் இருக்கும் பழைய கூட்டக் குறிப்புகள். இலக்கியத்துக்கு, சனிக்கிழமை திறக்கும் நூலகம்.

மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம் நடப்பது பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். ஆக ஆர்டிஸ் வருஷத்தில் ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போனாள். அன்று பள்ளிக்கு விடுமுறை.

எங்கள் ஊரான ஈஸ்ட் டொரின் ஊர்க்கூட்டத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. எதுவானாலும் கூட்டத் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். தலைவர் எல்வுட் பார்னம் என்ற தச்சர். வருஷம் முழுக்க ஜன்னல் சட்டம் செய்வார், ஒரு நாள் மட்டும் சுத்தியலை வேறு விதமாகப் பயன்படுத்துவார். “தலைவரே, எனக்கு முன்னாடி பேசினவர்கிட்ட சொல்லுங்க, ரோட்டுக்குப் பள்ளம் விழக் காரணம் அவரோட லாரியும் அவரோட மூளையும்தான், ரெண்டுலயும் பாரம் சரியா ஏத்தலன்னு.” பேசுகிறவரும் பேச்சு வாங்குகிறவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்வுட் கூரையைப் பார்த்துக்கொண்டு, “குறிச்சுக்கிட்டேன்,” என்பார்.

ஒன்பது வயதில் ஆர்டிஸ் அம்மாவிடம் கேட்டாள்.

“ஏம்மா, பக்கத்துலதான இருக்காரு? எதுக்குத் தலைவர்கிட்ட சொல்றாரு?”

“நேரா சொன்னா அடிதடி,” என்றாள் நோரீன், பின்னலை நிறுத்தாமல். “சுத்திச் சொன்னா அரசாங்கம்.”

அரசாங்கம் பற்றி இதைவிடச் சிறப்பான விளக்கத்தை நான் கல்லூரியில் கேட்டதில்லை.

வரலாற்றில் அவளுக்கு வாய்த்த முதல் வெளிச்சம் பன்றியால் வந்தது. பழைய குறிப்புகளில் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே வரி வந்துகொண்டிருந்தது: பன்றிகள் தெருவில் திரியலாகாது என்று ஊர் வாக்களித்தது. பதினான்கு வயதில் அவள் அதை எல்வுட்டின் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

“எல்வுட், அந்தக் காலத்துல பன்னிங்க தெருவுல திரிஞ்சிருக்கு.”

“திரியக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு?”

“ஒரு தடவை எழுதியிருந்தா திரியலன்னு அர்த்தம். வருஷா வருஷம் எழுதியிருக்காங்களே!”

எல்வுட் இழைப்புளியைக் கீழே வைத்தார். பிறகு அவர் எந்தத் தீர்மானத்தை வாசித்தாலும், இது எத்தனையாவது முறை என்று பின்னாலிருந்து ஒருத்தி எண்ணிக்கொண்டிருப்பாள் என்ற உணர்வோடுதான் வாசித்தார்.

இலக்கியத்தில் அவளுக்குத் திருப்தி இல்லை. படித்தாள், மலைமலையாகப் படித்தாள், ஆனால் ஒரு குறை. “எந்தக் கதையிலயும் கமிட்டியே இல்ல,” என்று நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் புலம்புவாள். “ராஜாவைத் தீர்த்துக்கட்டிடறாங்க. யாரு முன்மொழிஞ்சா, யாரு வழிமொழிஞ்சா, எதிர்த்து எத்தனை பேரு? ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாங்க. கொலை மட்டும் விலாவாரியா.”

இந்தப் புலம்பலைக் கேட்டவர் கோரின் தீபோ. கீழ் ரோட்டில் குடியிருந்த நர்ஸ். சனிக்கிழமைகளில் தன் காரில் ஆர்டிஸை நூலகத்துக்கு அழைத்துப்போனவர் அவர்தான். மற்ற நாட்களில் அடுத்த ஊர் மருத்துவமனையில் காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு விடுதலை.

ஆர்டிஸுக்குப் பதினெட்டு நிறைந்த அந்தக் குளிர்காலத்தில்தான், கோரின் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனு ஒன்று கூட்ட அறிவிப்பில் கடைசித் தீர்மானமாக அச்சாகி வந்தது. இனிமேல் ஊர் விவகாரங்களைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்ய வேண்டாம். காலை முதல் மாலை வரை பெட்டி வைத்து, வாக்குச்சீட்டில் முடிவு செய்யலாம். நிறைவேறினால் ஊர்க்கூட்டம் முடிந்தது. ஆர்டிஸ் வாக்காளராக வரும் முதல் கூட்டம்தான் கடைசிக் கூட்டமாகவும் இருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து அவள் காத்திருந்த காலமெல்லாம் எதற்காக என்று கேட்டால், இதற்காகத்தான்.

அறிவிப்பு வந்த அன்று கோப்லி வீட்டுச் சமையலறையில் ஹாலிஸ் பெக் வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர். ஊர்க்கூட்டத்தில் மேற்படி லாரி வசனத்தைச் சொன்னவர் இவரே.

“நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கோம், வெர்ன். ஆனா பிரயோஜனம் இல்ல. கடைசித் தீர்மானம் வர்றப்ப மணி நாலாயிரும். மூணரைக்கெல்லாம் நாம பால் கறக்க ஓடணும்.”

“ம்,” என்றார் வெர்ன். வெர்ன் வாய் திறந்து முழு வாக்கியம் பேசுவது ஊர்க்கூட்டத்தில் மட்டும்தான். அந்தக் கூட்டம் போய்விட்டால் மனிதர் நிரந்தர ஊமை.

“வேடிக்கையப் பாரு. கூட்டம் ரொம்ப நீளம், உட்கார நேரமில்லன்னு சொல்றவன் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பான். கூட்டம் வேணும்ங்கற நாம மாட்டுக்கு அடியில உட்கார்ந்திருப்போம்.”

அடுப்பருகே படித்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் நிமிர்ந்தாள். “வரிசைய மாத்திக்கலாமே?”

“என்னது?”

“எந்தத் தீர்மானத்தை எப்ப எடுக்கறதுன்னு சபை முடிவு பண்ணலாம். வாக்காளர் யாராவது எழுந்து முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும், பாதிக்கு மேல ஆம்னு சொல்லணும். அவ்வளவுதான். விதிப்புத்தகத்துல இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துட்டா நம்ம ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க.”

ஹாலிஸ் மேஜையைத் தட்டினார். “நோரீன்! இந்தப் பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பாதது எவ்வளவு நல்லதாப் போச்சு! அங்க போயிருந்தா இதெல்லாம் மறக்கடிச்சிருப்பாங்க.” உடனே திட்டம் தயாரானது. முன்மொழிவதற்கு ஆர்டிஸ், புது வாக்காளர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வழிமொழிவதற்கு ஹாலிஸ். “நீ வாய மூடறதுக்குள்ள நான் கத்தியிருப்பேன். எவனுக்கும் யோசிக்க நேரமே குடுக்கக் கூடாது.”

அடுத்த சனிக்கிழமை கோரினின் காரில் ஆர்டிஸ் வழக்கத்துக்கு மாறாக வாய் மூடி வந்தாள்.

“என்னடி, உடம்பு சரியில்லையா? இன்னிக்கு எந்த ராஜாவையும் கொல்லலையா?”

“கோரின், நீங்க இதுவரைக்கும் ஊர்க்கூட்டத்துல எத்தனை தடவ பேசியிருக்கீங்க?”

“பேசறதா? நான் வந்ததே இல்லியேடி. நோயாளிங்க மார்ச் முதல் செவ்வாய்க்கு லீவு விடுறதில்ல. வரி மட்டும் பதினோரு வருஷமா கட்டுறேன்.” கோரின் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். “இந்தத் தடவை ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வர்றேன். கடைசித் தீர்மானம்தான, மூணரை நாலுக்கு வந்தா பிடிச்சிரலாம். மர ஆலைல இருந்தும் நாலஞ்சு பேர் வர்றாங்க. என்னைத் திட்டுறதா இருந்தா அங்க வெச்சுத் திட்டு, உங்க வழக்கப்படி தலைவர் மூலமா.”

ஆர்டிஸ் நூலகத்துக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்த ஊர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய குறிப்புகளைத் திரும்பவும் எடுத்தாள். ‘ஊர் வாக்களித்தது’, ‘ஊர் மறுத்தது’, ‘ஊர் விரும்பவில்லை’. எத்தனையோ வருஷம் படித்த வரிகள். இந்த ஊர் என்பது யார் என்று அவளுக்கு இதுவரை கேட்கத் தோன்றவில்லை. பகலில் கூட்டம், ஆலைக்காரர்கள் ஆலையில். நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டுரிமை இல்லாத பெண்கள் பின்னால் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஊர் வாக்களித்தது. எங்கள் ஊர்க்கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற கணக்கு கிடையாது. வந்தவர்கள்தான் ஊர். எட்டுப் பேர் வந்தாலும் ஊர். பன்றியைப் பற்றி எழுதியவர்களும் பன்றியை வளர்த்தவர்களும் ஒரே ஆட்களாக இல்லாமலும் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலைக் கறவையில் அவள் அப்பாவிடம் கேட்டாள்.

“அப்பா, நாம ஜெயிக்கணுமா, கூட்டம் ஜெயிக்கணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதான.”

“ஒண்ணா?”

வெர்ன் மாட்டின் விலாவில் தலை சாய்த்துக் கறந்துகொண்டிருந்தார். “சாறு இன்னிக்கு நல்லா இறங்கும்,” என்றார். பாகு காய்ச்சச் சாறு எடுக்கும் மேப்பிள் மரங்களைப் பற்றிப் பேசினால் அந்த விஷயம் முடிந்தது என்று பொருள்.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மண் ரோட்டைச் சமன் செய்யும் வண்டிக்குப் புது எஞ்சின் வேண்டுமா என்பதில் ஒன்றரை மணி நேரம் போனது. தலைவர் மூலமாக இரண்டு பேர் ஒருவரையொருவர் திருடன் என்றார்கள், மூன்றாமவர் இருவருக்கும் நன்றி சொன்னார். தாமதமாக வரும் பண்ணைக்காரர்களும் வந்துவிட்டார்கள். சமையலறைப் பக்கத்திலிருந்து பன்றித் தொடை வேகும் வாசனையும் பீன்ஸ் வாசனையும் கூடத்துக்குள் நுழைந்தன. ஹாலிஸ் இரண்டு வரிசை முன்னாலிருந்து திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்.

ஆர்டிஸ் எழுந்தாள்.

“பேரு?” என்றார் எல்வுட். பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். ஆனால் விதி விதிதானே.

“ஆர்டிஸ் கோப்லி, மேல் ரோடு. தலைவரே, கடைசித் தீர்மானத்தை அதோட வரிசையில எடுக்காம, இன்னிக்குச் சாயங்காலம் ஏழரை மணிக்கு, இதே இடத்துல எடுக்கணும்னு முன்மொழியறேன்.”

“வழிமொழியறேன்!” என்று கத்தினார் ஹாலிஸ்.

தலைகள் திரும்பின. ஹாலிஸ் வெற்றிப் புன்னகையோடு நாலு பக்கமும் பார்த்தார். புன்னகை மெதுவாக இறங்கியது.

“எத்தனை மணிக்கு?” என்றார்.

“முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, இப்ப சபை முன்னாடி இருக்கு,” என்றார் எல்வுட், வழக்கத்தைவிட வேகமாக.

“தலைவரே, நான் வழிமொழிஞ்சது இத இல்ல!”

“வேற எதுவும் முன்மொழியப்படலையே, ஹாலிஸ்.”

“அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க, தலைவரே, சமையலறையில அவ சொன்னது என்னன்னு!”

“சமையலறை இந்தச் சபையோட அதிகாரத்துக்கு உட்பட்டதில்ல. நீங்க எதிர்த்துப் பேசலாம், எதிர்த்துக் கையும் தூக்கலாம். வழிமொழிஞ்சது வழிமொழிஞ்சதுதான். முன்மொழிஞ்சவங்க காரணம் சொல்ல விரும்பறாங்களா?”

ஆர்டிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

“தலைவரே, எனக்கு இந்தக் கூட்டம் வேணும். சாயங்காலம் எதிர்த்துதான் நிப்பேன். இப்பவே எடுத்தா எங்க பக்கம் ஜெயிச்சிரும், நாலு மணிக்கு எடுத்தா அவங்க பக்கம் ஜெயிச்சிரும். ரெண்டு நேரத்துலயும் ஊர்ல பாதி இங்க இருக்காது. இந்தத் தீர்மானமே கூட்டத்துக்கு வர முடியாதவங்களப் பத்தினது. அவங்க இல்லாதப்ப அத நாம தோற்கடிச்சா, அவங்க சொல்றது சரின்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆகும்.” உட்காரப் போனவள் மீண்டும் நிமிர்ந்தாள். “ஏழரைக்குப் பாலும் கறந்து முடிஞ்சிரும், ஷிஃப்டும் முடிஞ்சிரும்.”

ஹாலிஸ் எழுந்து, தலைவர் மூலமாக, படிப்பு கூடிப்போனால் என்ன கேடு வரும் என்பதைக் கொஞ்சம் விவரித்தார். அது வீட்டுப் படிப்பா பள்ளிப் படிப்பா என்று ஒருவர் கேட்டார். எந்தப் படிப்பும் என்றார். குரல் வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் ஒரே சத்தமாக இருந்ததால், ஆம் என்பவர்கள் கூடைப்பந்து வளையத்தின் பக்கமும் இல்லை என்பவர்கள் மேடைப் பக்கமும் போகச் சொன்னார் எல்வுட். வெர்ன் எங்கும் போகவில்லை. அவர் நாற்காலி கிடந்தது வளையத்துக்கு அடியில். எழுந்து மேடைப் பக்கம் போகாததால் அவரையும் ஆம் என்று எண்ணினார்கள். தீர்மானம் மாலைக்குப் போனது. நியாயத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். என் அபிப்பிராயம், பீன்ஸ் தயாராகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஈஸ்ட் டொரின் மக்கள் எதையும் எதிர்ப்பதில்லை.

ஆர்டிஸின் தட்டில் பீன்ஸ் போட வந்த நோரீன் ஒன்று கேட்டாள். “ஏன்டி, அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டேன்மா. சாறு நல்லா இறங்கும்னாரு.”

மாலை ஏழரைக்கு நாற்காலிகள் போதவில்லை. தேவாலயத்திலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள், அதுவும் போதவில்லை. மர ஆலைக்காரர்கள் தலையில் மரத்தூளோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். கறவை முடித்துக் குளித்தும் குளிக்காமலும் வந்தவர்களின் மணம் கூடத்துக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கூட்டம் எல்வுட் நடத்தியதில்லை. அவருக்கு முன் தலைவராக இருந்த அவர் அப்பா நடத்தியதுமில்லை. வெர்ன் எழுந்து மூன்று முழு வாக்கியங்கள் பேசினார். ஆளைப் பார்த்துப் பேசினால்தான் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கும், சீட்டுக்குக் கூச்சம் கிடையாது என்பது அதன் சாரம். ஆலைக்காரர் ஒருவர், கூச்சப்படுவதற்கும் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு வேண்டும், தலைவரே, என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கே நேராக வந்துவிட்ட கோரின் சீருடையோடு எழுந்தார். எழுந்ததும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “தலைவரைப் பாருங்க,” என்று ஆர்டிஸ் கிசுகிசுத்தாள்.

“தலைவரே, இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மனு போட்டிருப்பனான்னு கேட்டா, தெரியல.” நிறுத்தினார். “ஆனா வருஷா வருஷம் யாராவது ஒரு பொண்ணு எழுந்து எனக்காக ஏழரைக்கு மாத்துவான்னு நம்பிக்கிட்டிருக்க முடியாது. அடுத்த மார்ச்சும் எனக்குக் காலை ஷிஃப்ட்தான்.”

ஆர்டிஸ் எழுந்தாள். “தலைவரே, அதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஆனாலும் நான் எதிர்ப்புதான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு வருஷக் கேள்விக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் அவள் ஆற்றிய இரண்டாவது உரை இதுதான்.

மறுபடி வளையப் பக்கம், மேடைப் பக்கம். இந்த முறை வெர்ன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைப் பக்கம் போனார். எண்ணி முடித்த எல்வுட் மறுபடியும் எண்ணினார். ஒன்பது பேர் அதிகம் நின்றது வளையத்தின் பக்கம். ஈஸ்ட் டொரின் கண்டதிலேயே மிகப் பெரிய ஊர்க்கூட்டம் ஊர்க்கூட்டத்தை ஒழித்தது.

வெளியே வண்டிகளுக்கு நடுவே ஹாலிஸ் ஆர்டிஸைப் பிடித்துக்கொண்டார். “காலைலயே எடுத்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா செஞ்ச?”

“ஆமா.”

“தோத்தது கஷ்டமா இல்லையா உனக்கு?”

“ரொம்பக் கஷ்டமா இருக்கு,” என்றாள் ஆர்டிஸ். “ஆனா கோரின் சொன்னதுக்கு ஒரு பதில் இருக்கணும், ஹாலிஸ். சனிக்கிழமையில கூட்டம் வெச்சா? இல்ல, அப்ப கடைக்காரங்க...”

ஹாலிஸ் அவளை ஒரு முறை பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற வெர்னைப் பார்த்தார். தலைவர் அருகில் இல்லாததால் என்ன சொல்வதென்று தெரியாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த மார்ச் செவ்வாய்க்கிழமை ஆர்டிஸ் கோப்லி, தன் பக்கம் ஜெயித்திருக்கக்கூடிய ஒரு வாக்கெடுப்பை, எதிர்ப்பக்கத்தவர்களும் வரக்கூடிய நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி முன்மொழிந்தாள். அந்த நேரத்துக்கு அவளும் வந்து, எதிர்த்து வாக்களித்து, தோற்றாள்.